பழைய மோர்கனைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற மருத்துவர். வயது 66. 2016இல் புதிதாக எடுத்த மோர்கன் பிளஸ் 4 ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். இரண்டு லிட்டர் ஃபோர்டு எஞ்சின், ஐந்து கியர், 31,000 மைல் ஓடியிருக்கிறது. பெரிய பழுது எதுவும் வந்ததில்லை. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் முதுகு போய்விடுகிறது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலி. மனைவி போன கோடையிலிருந்து இந்த வண்டியில் ஏறுவதில்லை. டீலர் ஒரு 2022 பிளஸ் ஃபோர் ஆட்டோமேட்டிக்கைக் காட்டி, என் வண்டியை எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டச் சொல்கிறார். நவம்பர் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். மகனோ, "விற்றால் இது மாதிரி திரும்பக் கிடைக்காது அப்பா" என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்:

ஐயா, டீலர் காட்டுவதை உங்கள் வண்டியின் அடுத்த பதிப்பு என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். (எண்ணில் எழுதும் பிளஸ் 4 உங்களுடைய பழையது, எழுத்தில் எழுதும் பிளஸ் ஃபோர் புதியது.) நிறுத்தி வைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். அதே நீண்ட பானெட், அதே வளைந்த மட்கார்டு, அதே உருண்டை ஹெட்லைட். ஆனால் 2020 மார்ச்சில் பிளஸ் ஃபோரை வெளியிட்டபோது கம்பெனியே சொன்ன கணக்கு, பாகங்களில் நூற்றுக்கு 97 புதியவை என்பது. தேக்குக் கதவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டை இடித்துக் கட்டியது போல, ஆஷ் மரச் சட்டத்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிட்டார்கள். ஆகவே ஒரே வண்டியில் பழசா புதுசா என்பதல்ல நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. இரண்டும் வெவ்வேறு வண்டிகள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.எஃப்.எஸ். மோர்கன் 1909இல் மூன்று சக்கர வண்டியோடு தொடங்கிய கம்பெனி இது. தொழிற்சாலை இன்றும் உங்கள் வூஸ்டர்ஷயரிலேயே மால்வெர்ன் லிங்கில், பிக்கர்ஸ்லே சாலையில் இருக்கிறது. முதல் நான்கு சக்கர வண்டி 1936இல் வந்தது. பிளஸ் 4 என்ற பெயர் 1950இல் பிறந்தது. 1962இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு லிட்டர் பிரிவில் முதலாவதாக வந்ததும் ஒரு பிளஸ் 4 தான். பந்தயத்துக்குச் சாலை வழியே ஓட்டிக்கொண்டு போய், முடிந்ததும் அதையே ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1936இல் வந்த அந்த எஃகு ஏணி சேஸிஸ் (ஏணி வடிவ அடிச்சட்டம்), சின்னச் சின்ன மாற்றங்களோடு 84 வருடம் ஓடி, 2020இல் நின்றது. உங்கள் வண்டி அந்த வரிசையின் கடைசிப் பத்தாண்டில் பிறந்தது. மகன் சொல்வதில் இவ்வளவு உண்மை உண்டு.

முதலில் எண்களைப் பார்ப்போம். உங்கள் வண்டி 154 குதிரைத்திறன், 927 கிலோ, நின்ற இடத்திலிருந்து 62 மைல் வேகத்தைத் தொட 7.5 வினாடி. பிளஸ் ஃபோரில் பிஎம்டபிள்யூவின் இரண்டு லிட்டர் டர்போ, 255 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்கின் எடை 1,009 கிலோ, அதே 62 மைலுக்கு 4.8 வினாடி. எண்பது கிலோதான் கூடுதல், ஆனால் நூறு குதிரைகள் அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் வேகம் போதவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. டீலரின் பேச்சில் இந்த எண்கள்தான் முதலில் வந்திருக்கும். உங்கள் குறைப் பட்டியலில் இல்லாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், கிராமத்துச் சாலையில் நாற்பது மைல் வேகத்தில் உங்கள் வண்டி கொடுக்கிற பரபரப்பைப் பிளஸ் ஃபோர் அறுபதில்தான் கொடுக்கும். அது திறமையான வண்டி, சந்தேகமில்லை. அலுமினியத்தை ஒட்டிச் செய்த சேஸிஸ், அதன் பெயர் சிஎக்ஸ். ரோமன் எண்ணில் 110, கம்பெனியின் 110ஆவது ஆண்டைக் குறிக்க வைத்தது. நான்கு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்படி விஷ்போன் சஸ்பென்ஷன், பவர் ஸ்டீரிங், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், நாலு பக்கமும் டிஸ்க் பிரேக். உங்கள் வண்டியில் பின்பக்கம் டிரம் பிரேக், ஏபிஎஸ் இல்லை, ஸ்டீரிங் முழுக்க உங்கள் கைபலம். முன்பக்கம் நிறுவனர் தன் மூன்று சக்கர வண்டிக்கு வகுத்த அதே ஸ்லைடிங் பில்லர் முறை, அதாவது சக்கரம் ஒரு செங்குத்துத் தண்டில் வழுக்கி ஏறி இறங்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், நம் ஊர் லாரியில் இருக்கும் அதே சாமான்.

இந்த அமைப்புதான் முதுகை உடைக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். பாதிதான் சரி. இந்த வகை வண்டிகள் பட்டறைக்கு வரும்போது நான் முதலில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, டயர் காற்றழுத்த மானியை. உங்கள் வண்டியின் எடை ஒரு டன்கூட இல்லை. அதற்குரிய காற்றழுத்தம் இருபது பிஎஸ்ஐ சொச்சத்தில்தான் வரும். சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். ஆனால் சர்வீஸுக்கு விடும் இடத்தில் பையன் பழக்கதோஷத்தில் மற்ற கார்களுக்கு வைப்பது போல 32 வைத்து அனுப்பிவிடுவான். பெட்ரோல் பங்கில் நாமே தப்பாக அடித்துக்கொள்வதும் உண்டு. அப்படி இருந்தால் டயர் கல்லாகிவிடும், ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் வந்து இறங்கும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். வண்டியோடு வந்த அதே 2016 டயர் இன்னும் ஓடுகிறது என்றால், மேலே பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அது முதுகுவலியைவிடப் பெரிய விஷயம்.

அடுத்து கிங்பின், முன்சக்கரம் ஏறி இறங்கும் அந்தச் செங்குத்துத் தண்டு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று லேசான தட்டல் கையில் தெரிந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது. இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போது தட்டல் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்தான். ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காத ஸ்லைடிங் பில்லர் பாதியில் இறுக ஆரம்பிக்கும். அப்போது ஸ்பிரிங் வேலை செய்யாமல் முன்பக்கம் கட்டை வண்டியாகிவிடும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிப்பவருக்கும், வருட சர்வீஸில் மட்டும் அடிப்பவருக்கும் இந்த வண்டியில் கிடைக்கும் சுகம் ஒன்றாகாது. நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதவில்லை. "பெரிய பழுது எதுவும் வந்ததில்லை" என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் முரட்டுத்தனம் போகவில்லை என்றால் நல்ல ஷாக் அப்சார்பர், மென்மையான முன் ஸ்பிரிங், இன்னும் ஒரு படி மேலே போனால் பின்பக்கத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, அச்சை ஐந்து கம்பிகள் பிடித்திருக்கும் ஐந்து லிங்க், சுருள் ஸ்பிரிங் அமைப்பு என்று போகலாம். பழைய சேஸிஸுக்கு இது அந்நியமான வேலை அல்ல. 2015இல் கம்பெனியே ஏஆர்பி4 என்று ஒரு சிறப்புப் பதிப்பில் இப்படிச் செய்து கொடுத்தது. எல்லாம் சேர்த்தாலும் டீலர் கேட்கும் வித்தியாசத் தொகையில் சிறு பங்குதான் ஆகும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இவ்வளவு செய்தாலும் பிளஸ் ஃபோர் அளவுக்கு மெத்தென்று ஆகாது. பொறுத்துக்கொள்ளும்படி ஆகும்.

முழங்கால் வேறு சமாசாரம். இதில் என்னால் நல்ல செய்தி சொல்ல முடியாது. உங்கள் மாடலுக்கு ஆட்டோமேட்டிக் கிடையாது. கிளட்ச் சிலிண்டரைச் சரிபார்க்கலாம், பெடல் உரசுகிறதா என்று பார்க்கலாம், சீட்டை ஒரு துளை முன்னே தள்ளி முழங்கால் மடிப்பை மாற்றலாம். காலி சாலையில் ஓட்டும்போது உதவும். பர்மிங்ஹாம் மாலை நெரிசலில் உதவாது. ஸ்பிரிங்கை மாற்றி முழங்காலைக் குணப்படுத்த முடியாது என்பது என்னைவிட டாக்டருக்குத் தெரியும். எலும்பு மருத்துவ நண்பர் யாராவது "இனி இது கூடத்தான் செய்யும்" என்றால், மாற்றுவதற்கு அந்த ஒரு காரணமே போதும். மாற்றினால் நிச்சயம் ஆட்டோமேட்டிக்கே எடுங்கள். பிளஸ் ஃபோரில் ஆறு கியர் மேனுவலும் வந்திருக்கிறது; "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கையால் கியர் போட வேண்டும்" என்று உங்கள் கிளப் நண்பர்கள் தூண்டுவார்கள். கேட்காதீர்கள். அந்த எஞ்சினுக்கு எட்டு கியர் ஆட்டோமேட்டிக்தான் நன்றாகப் பொருந்துகிறது. முறுக்குவிசையே மேனுவலுக்கு 350 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 400. பிஎம்டபிள்யூ காரிலிருந்து எடுத்த கியர் கைப்பிடி மட்டும் அந்த மரமும் தோலுமான உட்புறத்தில் கண்ணை உறுத்தும். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்லமாட்டேன், எனக்கு இன்னும் பழகவில்லை.

மூன்றாவது விஷயத்தை நீங்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். மனைவி ஏறுவதில்லை என்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. கேட்டீர்களா? முதுகு குலுங்குவதா, காற்றா, இரைச்சலா, குனிந்து நுழைந்து எழுந்து வருவதா, மழையில் மடியில் சொட்டுவதா? பதிலைப் பொறுத்து முடிவே மாறும். குலுக்கல்தான் காரணம் என்றால் புதியது தீர்க்கும். காற்றும் இரைச்சலும் என்றால் அவ்வளவாகத் தீர்க்காது. அங்கேயும் துணிக்கூரைதான், கழற்றி மாட்டும் பக்கக் கண்ணாடிதான், மோட்டார்வேயில் எழுபது மைலில் பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். டிக்கி அங்கேயும் கிடையாது. பெட்டியைப் பின்னால் கேரியரில் கட்டுவது தொடரும். தாழ்ந்த கதவு, குனிந்து நுழைவது இரண்டிலும் ஒன்றே. உண்மையான காரணம் இரைச்சல் என்றால், இவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு மறுபடியும் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே டீலர் கொடுக்கும் இருபது நிமிடச் சோதனை ஓட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஷோரூமைச் சுற்றியிருக்கும் நல்ல தார்ச்சாலையில் எந்த வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். பிளஸ் ஃபோரை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கப் பாருங்கள். தொழிற்சாலையே உங்களுக்குப் பக்கம், அங்கே விசாரியுங்கள். இருவருமாக ஏறி, நீங்கள் வழக்கமாகப் போகும் மோசமான சாலையிலேயே, சாப்பாட்டுக்கு எங்காவது நிறுத்தித் திரும்புங்கள். மாலையில் வீட்டுக்கு வந்து அவர் இறங்கும் விதத்தைப் பாருங்கள். கேட்டால் உங்களுக்காக நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்.

இனி பணம். டீலர் உங்கள் வண்டியைத் தன் லாபம் போகத்தான் எடுப்பார், அவர் தொழில் அது. உங்களுடையதைப் போன்ற கடைசிக் கால ஏணி சேஸிஸ் வண்டிக்கு வாங்க ஆள் தனியாக இருக்கிறார்கள். 1951இலிருந்து இயங்கும் மோர்கன் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் உறுப்பினர்களே பாதிப் பேர். நேரடியாக விற்றாலோ, இந்த மாடலையே தொழிலாகச் செய்யும் கடையில் விற்றுத் தரச் சொல்லி கமிஷன் கொடுத்தாலோ கூடக் கிடைக்கும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் வண்டியின் விலை, புது மாடல் விழும் வேகத்தில் விழும் காலத்தைத் தாண்டிவிட்டது. இனி அதே மாதிரி தயாரிக்கப்போவதுமில்லை. 2022 வண்டி இன்னும் சரிவில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல் பதிவானதும் புதிதில் 40,000 பவுண்டுக்கு மேல் விலை இருந்ததுமான பெட்ரோல் காருக்கு, பதிவின் இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை கூடுதல் சாலை வரி உண்டு. 2025 ஏப்ரல் நிலவரப்படி அது வருடத்துக்கு 425 பவுண்டு, சாதாரண வரிக்கு மேல். பிளஸ் ஃபோரின் அறிமுக விலையே அறுபதாயிரத்தைத் தாண்டியது, ஆகவே அது இதில் மாட்டும். உங்கள் 2016 வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. டீலர் இதைத் தானாகச் சொல்லியிருக்க மாட்டார்.

விபத்துச் செலவும் யோசிக்க வேண்டியது. ஏணி சேஸிஸ் வளைந்தால் கழற்றிவிட்டு வேறு போடலாம், மரச்சட்டத்தில் உளுத்த துண்டை மட்டும் அறுத்தெடுத்துப் புதுத் துண்டு பொருத்தலாம். உங்கள் பக்கத்து ஊர் மெக்கானிக்கே பெரும்பாலான வேலைகளைச் செய்வார். ஒட்டிச் செய்த அலுமினிய சேஸிஸை அப்படி அடித்து நிமிர்த்த முடியாது; அதற்கென்று அங்கீகரித்த இடம், பெரிய பில். எது பழுதென்று அறியவும் கம்ப்யூட்டர் வேண்டும். பிஎம்டபிள்யூ எஞ்சின் என்பதால் உதிரி பாகத்துக்குப் பல வருடம் கவலையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

வாங்குவதென்றே முடிவானால் அந்தக் குறிப்பிட்ட வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அலுமினியத்தில் எஃகு போல்ட் சேரும் இடங்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் குளிர்கால உப்புச் சாலையில் ஓடியிருக்கிறது. ஆயில் ஃபில்டர் இருக்கும் பக்கம் எண்ணெய்க் கசிவும் குளிர்நீர்க் கசிவும் இருக்கிறதா பாருங்கள். உங்கள் பழையதை விற்கும் முன்னும் ஒரு சோதனை உண்டு. கதவைத் திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் சின்ன வேலை. கீல் மாட்டியிருக்கும் தூணே சேர்ந்து அசைந்தால் மரத்துக்குள் ஈரம் போயிருக்கிறது. வாங்க வருபவர் விஷயம் தெரிந்தவர் என்றால் முதலில் இதைத்தான் செய்வார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், முழங்கால்தான் உங்களை மாற்ற வைக்கும், ஓரிரு வருடத்தில் பிளஸ் ஃபோர் ஆட்டோமேட்டிக்கில்தான் வந்து நிற்பீர்கள். ஆனால் இந்தப் பேரத்தில் அல்ல. இந்தக் குளிர்காலத்தில் டயர், காற்றழுத்தம், கிங்பின் இவற்றை ஒழுங்குபடுத்துங்கள். எப்படியும் விற்கும்போது அது விலையில் திரும்பி வரும். மகன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்றால், கிளப் விலைக்கு அவரே வாங்கிக்கொள்ளட்டும், அல்லது கராஜ் வாடகையையாவது பகிர்ந்துகொள்ளட்டும். அப்போது தெரியும் அவருக்கு வேண்டியது வண்டியா, அப்பாவின் கராஜில் அது நிற்கும் காட்சியா என்று.

நவம்பர் கெடுவைப் பற்றி: இங்கிலாந்தில் திறந்த கூரை வண்டியை விற்க அதைவிட மோசமான மாதம் இல்லை. யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் உங்களுடையதுக்குக் குறைத்துத்தான் சொல்வார்கள். அதே காரணத்தால் வாங்க அது நல்ல மாதம். ஒரே நாளில் கொடுத்து வாங்கும்போது அந்த லாபமும் நட்டமும் டீலருக்கு வசதியான பக்கமே சாய்கிறது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். உங்கள் பிளஸ் 4ஐ மார்ச் கடைசியில், முதல் வெயில் அடிக்கும் வாரத்தில் விளம்பரம் செய்யுங்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அக்டோபருக்குப் பிறகு வேறு இரண்டு மூன்று டீலரிடமும் விலை கேளுங்கள். இடையில் ஒரு கோடை கையில் வண்டி இல்லாமல் போகுமே என்றால், விற்பதை அதற்கும் அடுத்த வருட மார்ச்சுக்குத் தள்ளுங்கள். முழங்கால் அதுவரை தாங்குமா என்பதை மட்டும் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.